எந்த நட்சத்திரம் பார்த்து வாங்குவது?

கார் வாங்கப் போகிறவர் நாள் பார்க்கிறார், நட்சத்திரம் பார்க்கிறார், இராகு காலம் கழிந்த பிறகே சாவியைக் கையில் வாங்குகிறார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி கடையை விட்டு வெளியே வருகிறது. அது அவரவர் நம்பிக்கை. அந்த வாதத்துக்குள் இன்று நாம் நுழையப் போவதில்லை. நாம் பேச வந்தது வேறொரு நட்சத்திரத்தைப் பற்றி. இந்தக் கார் எதிலாவது மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று மோதவிட்டே பார்த்து, சோதனைக் கூடம் வழங்கும் நட்சத்திரம் அது. பூஜ்யத்தில் தொடங்கி ஐந்து வரை உண்டு. அதைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்?

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" இதுதான் முதல் கேள்வி. "தள்ளுபடி எவ்வளவு?" இது இரண்டாவது. பிறகு வர்ணம், பாட்டுப் பெட்டி, கூரையில் திறக்கும் கண்ணாடி. மோதினால் என்ன ஆகும் என்ற கேள்வியை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் எடுப்பதில்லை. நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் அபசகுனமாக ஏன் பேச வேண்டும் என்று இருவரும் நினைக்கிறார்கள் போலும்!

"காரில் போகிறவன் பணக்காரன், அவன் கவலை நமக்கெதற்கு?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று முதல் கார் வாங்குகிறவர் பள்ளி ஆசிரியர், வங்கிக் குமாஸ்தா, மளிகைக் கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்க முனைந்த வாலிபர். ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த வகையை எடுத்து, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச் சாலையில் இறங்குகிறார். 2022 இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நமக்கே கிடைத்தது: 64,105. மாண்டவர்களில் பெரும்பகுதியினர் இருசக்கர வண்டிக்காரரும் நடந்து சென்றவரும்தாம். அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் பயந்து, "இனியாவது பத்திரமாகப் போகலாம்" என்று எண்ணி இருசக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு மாறிய குடும்பத்துக்கு, அந்தப் பத்திரம் உண்மையிலேயே விற்கப்பட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேள்வி கேட்காத இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இந்நாட்டில் கார் என்றால் மூன்றே பெயர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் பியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கிறவன் கேள்வி கேட்பானா? கிடைத்ததே பெரிது என்று வாங்கி வந்தான். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் தானே தட்டிச் சரி செய்துகொண்டான். அம்பாசிடர் 2014 இல் நின்றே போயிற்று. இன்று கடைக்குக் கடை கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்கிறார்கள். ஆனால் வரிசையில் நின்ற காலத்து அடக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை!

அந்த அடக்கத்துக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பது 2014 ஜனவரியில் அம்பலமாயிற்று.

குளோபல் என்கேப் என்ற பன்னாட்டுப் பாதுகாப்பு அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்களில் ஐந்தை எடுத்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளாகவே பொறுக்கி எடுத்தது. உள்ளே மனித உருவில் பொம்மைகளை உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் மார்பிலும் அளவு கருவிகளைப் பொருத்தி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்முகத்தின் ஐந்தில் இரண்டு பங்கு மட்டும் படும்படி தடுப்பில் மோதவிட்டது. எதிரே வரும் வண்டியைக் கடைசி நொடியில் ஒதுங்கப் பார்த்து, ஒதுங்க முடியாமல் பாதி முகத்தோடு மோதுகிறோமே, அந்த விபத்தின் படம் இது. முடிவு என்ன? பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம்! ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரம் தேறவில்லை.

இந்த ஐந்தில் இரண்டு எங்கே செய்யப்பட்டவை தெரியுமா? ஐ10 ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில். ஃபிகோ மறைமலை நகரில். "ஆசியாவின் டெட்ராய்ட்" என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் அதே மண்ணில்! குற்றம் அங்கே வேலை செய்த தொழிலாளியின் கையில் இல்லை. காற்றுப்பை வைத்த வகையையும் அதே கைதான் அதே தொழிற்சாலையில் பூட்டி அனுப்பிற்று. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது முடிவானது கணக்கு மேசையில்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாங்குகிறவர் அதைப் புரிந்துகொள்வது நல்லது. ஐந்தும் பூஜ்யம் வாங்கினாலும் ஐந்தும் ஒரே மாதிரி தோற்கவில்லை. ஆல்டோ, நானோ, ஐ10 ஆகியவற்றில் பயணிகள் இருக்கும் கூடே சிதைந்து உள்ளே வந்துவிட்டது. போலோவிலும் ஃபிகோவிலும் கூடு நின்றது. காற்றுப்பை இல்லாததால் தலை போய் மோதிற்று. கூடு நின்ற காரைக் காப்பாற்றக் காற்றுப்பை போதும். கூடு நொறுங்குகிற காரில் பை வைத்தாலும் பலன் சொற்பமே. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி பையில்லாத போலோவை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பைகள் வைத்த காரை மீண்டும் சோதனைக்கு அனுப்பியது. நான்கு நட்சத்திரம் கிடைத்தது! அதே கார், அதே தகடு, அதே ஆண்டு. பூஜ்யத்துக்கும் நான்குக்கும் நடுவே இருந்தவை இரண்டு பைகள்.

அதே ஆண்டு நவம்பரில் மாருதி ஸ்விஃப்டும் டாட்சன் கோவும் மோதவிடப்பட்டன. இரண்டுக்கும் பூஜ்யம். டாட்சன் கோவின் கூடு எவ்வளவு பலவீனமாக இருந்ததென்றால், இதில் காற்றுப்பை வைப்பதே வீண் என்று சோதித்தவர்கள் கையை விரித்தனர். அந்த அமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்கு நேராகவே கடிதம் எழுதி, இந்தக் காரை இந்தியச் சந்தையிலிருந்து திரும்ப எடுங்கள் என்று கேட்டார். அதுவும் நம் ஒரகடத்தில் செய்யப்பட்ட கார்தான். அதே ஒரகடத்தில் செய்யப்பட்ட ரெனோ டஸ்டர் 2017 இல் சோதிக்கப்பட்டபோது, பையில்லாத வகைக்குப் பூஜ்யம்; ஓட்டுநருக்கு மட்டும் பை வைத்த வகைக்கு மூன்று. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எது பூஜ்யம், எது மூன்று என்று யாரால் சொல்ல முடியும்?

கம்பெனிகள் அன்று சொன்ன சமாதானம் ஒன்றே. "நாங்கள் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டே கார் செய்கிறோம்" என்றார்கள். உண்மைதான்! அதுதான் வெட்கக்கேடு. அன்றைய இந்தியச் சட்டம் காரை மோதவிட்டுப் பார்க்கும்படி கேட்கவே இல்லை. கேட்காத சட்டத்துக்குக் கீழ்ப்படிவது பெரிய வித்தையா?

உலகமே கண்டு கைகொட்டிய பிறகுதான் மத்திய சர்க்கார் அசைந்தது. முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல் சோதனைகள் 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலில் வந்தது. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலையில். பக்கத்தில் உட்காருகிற மனைவிக்கோ தகப்பனாருக்கோ பை கட்டாயமானது 2021 இல். அதுவும் பழைய மாடல்களுக்கு ஆண்டின் கடைசி நாள் வரை தவணை! ஓட்டுகிறவர் உயிர் முந்தி, பக்கத்தில் இருப்பவர் உயிர் பிந்தி என்று வரிசை வைத்தது எந்த நியாயம்?

பின்னிருக்கைக்காரர் கதை இதைவிடப் பரிதாபம். 2022 ஜனவரியில் மத்திய மந்திரி நிதின் கட்கரியின் இலாகா ஒரு நகல் விதியை வெளியிட்டது. ஒவ்வொரு காரிலும் ஆறு பைகள் வேண்டும், 2022 அக்டோபர் முதல் அமல் என்றது. ஒரு பையின் அடக்க விலை 800 ரூபாய்தான் என்று மந்திரியே பார்லிமெண்டில் சொன்னார். பைகள் இருந்திருந்தால் 2020 இல் 13,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கலாம் என்றும் அங்கே கணக்குச் சொல்லப்பட்டது. கம்பெனிகள் முணுமுணுத்தன. சிறிய கார்களின் வியாபாரம் அடிபடும் என்று மாருதி தலைவர் ஆர். சி. பார்கவா எச்சரித்தார். அமல் தேதி 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. அந்தத் தேதி நெருங்கியது. 2023 செப்டம்பரில் அதே மந்திரி, "கட்டாயமாக்கப் போவதில்லை" என்றார்!

800 ரூபாய் என்று சொன்னவர் அவர். 13,000 உயிர் என்று கணக்குக் காட்டியது அவர் இலாகா. அந்தக் கணக்கு தப்பு என்று யாராவது நிரூபித்தார்களா? இல்லை. பின் ஏன் விதி கைவிடப்பட்டது? போட்டியே கம்பெனிகளை வழிக்குக் கொண்டுவரும் என்றார்கள். ஒரு பகுதி அப்படியும் நடந்தது, மறைப்பானேன்? ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லாக் கார்களிலும் ஆறு பைகள் என்று அறிவித்தது. வியாபாரம் அடிபடும் என்று அஞ்சிய மாருதியே 2025 இல் ஆல்டோ கே10 காரிலும் வேகன்ஆர் காரிலும் ஆறு பைகளை வைத்துவிட்டது. சிறிய காரில் முடியாது என்ற வாதம் அத்தோடு செத்தது. 2014 இல் நானோவுக்குப் பூஜ்யம் வாங்கிய டாடா, 2018 டிசம்பரில் நெக்ஸானுக்கு ஐந்து வாங்கியது. இந்தியாவில் செய்த கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. ஸ்விஃப்டில் பூஜ்யம் கண்ட மாருதி 2024 நவம்பரில் டிசையரில் ஐந்து கண்டது. முடியும் என்று காட்டிவிட்டார்கள். முடிகிற காரியத்தைச் சட்டம் கேட்டால் என்ன கெட்டுவிடும்? கம்பெனியின் தயவில் கிடைத்த பை, நாளை இலாபம் இறங்கினால் கம்பெனியின் தயவில் போகவும் போகலாமே!

2023 ஆகஸ்டில் பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு நட்சத்திரத் திட்டம் தொடங்கப்பட்டது; அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. வரவேற்கிறோம். வெளிநாட்டான் வந்து மோதிக் காட்டிய பிறகாவது நம்மவர்க்கு அந்த எண்ணம் வந்ததே! ஆனால் அதில் ஓட்டை என்னவென்றால், அது விருப்பத் திட்டம். தேறும் என்று நம்பிக்கை உள்ள காரைக் கம்பெனி அனுப்பலாம். தேறாது என்று தெரிந்ததை அனுப்பாமலே இருக்கலாம். நன்றாகப் படித்த பாடத்தில் மட்டும் பரீட்சை எழுதுகிற மாணவனுக்கு ராங்க் கொடுப்பது போன்றது இது. ஆகவே கடைக்குப் போகிறவர், "இந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டு, "இன்னும் சோதனைக்குப் போகவில்லை" என்று பதில் வந்தால், ஏன் போகவில்லை என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

நட்சத்திரத்தை எண்ணுவதோடு நின்றுவிடவும் கூடாது. எந்த ஆண்டுச் சோதனை என்று பாருங்கள். குளோபல் என்கேப் 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. அதற்கு முந்திய ஐந்தும் பிந்திய ஐந்தும் ஒன்றல்ல. பெரியவருக்கு எத்தனை, குழந்தைக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெரியவரைக் காக்கும் கார் குழந்தையைக் கைவிடுவது உண்டு. சோதிக்கப்பட்டது எந்த வகை, உங்களுக்கு விற்கப்படுவது எந்த வகை என்று ஒப்பிடுங்கள். "சட்டச் சோதனையில் தேறிய வண்டி சார்" என்று விற்பனையாளர் சொன்னால் அது உயர்ந்த பட்டம் என்று மயங்க வேண்டாம். சட்டச் சோதனை மணிக்கு 56 கிலோமீட்டரில். நட்சத்திரச் சோதனை 64 இல். எட்டுக் கிலோமீட்டர்தானே என்று தோன்றும். மோதலின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறபடியால், அந்த எட்டில் அடி ஏறக்குறைய முப்பது விழுக்காடு கூடிவிடுகிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து நட்சத்திரக் காரை வாங்கி, சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்காருகிற கெட்டிக்காரர்கள் நம்மிடையே நிறைய உண்டு. எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க வெறும் கொக்கியை மட்டும் செருகி வைப்பவரும் உண்டு! 2022 இல் பெல்ட் போடாமல் மாண்டவர் 16,715 பேர். இதில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டுநர் அல்லர், பயணிகள். அவ்வாண்டு செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே மாண்டார். விலையுயர்ந்த ஜெர்மானியக் கார். அவர் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார். பை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. பெல்ட் பிடித்து நிறுத்தாத உடம்பை அது காப்பதற்குப் பதில் காயப்படுத்தவும் கூடும்.

பாதுகாப்பை அடுத்து வருவது, கார் நம்பி ஓட்டத் தக்கதா என்ற கேள்வி. தவணையில் வாங்கியவனுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. வண்டி பட்டறையில் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. ஜெர்மனியில் தியூஃப் என்ற சோதனை அமைப்பு, குறித்த காலத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனைக்கு வரும் கார்களில் கண்ட பழுதுகளைத் தொகுத்து, எந்த மாடல் எத்தனை வயதில் எவ்வளவு பழுதாகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அமெரிக்காவில் நுகர்வோர் சங்கம் ஒன்று 1936 இலேயே தோன்றி, தன் உறுப்பினர்களின் அனுபவத்தைத் திரட்டிப் பத்திரிகையில் போடுகிறது. இங்கே? சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் சர்க்கார் பரிசோதனை. அதுவரை அந்தக் காரின் அடிவயிற்றை எந்த உத்தியோகஸ்தரும் பார்ப்பதில்லை. பார்க்காத இடத்தில் கணக்கு எப்படிப் பிறக்கும்?

ஆகையால் நம் மக்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். வாடகை வண்டி ஓட்டுநரைக் கேட்கிறார்கள். நல்ல வழிதான்! நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் சொல்லுக்கு விளம்பரத்தைவிட மதிப்பு அதிகம். எஞ்சின் எப்போது இருமும், கிளட்ச் எத்தனை ஆயிரத்தில் போகும், ஏ.சி. சித்திரை வெயிலில் தாங்குமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருமுனைப் பட்டறைக்காரரும் சொல்வார். ஆனால் இவர்கள் இருவரும் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஓடுகிற வண்டியின் குணம் இவர்களுக்குத் தெரியும். மோதுகிற வண்டியின் குணம் தெரியாது. "பத்து வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை" என்ற நற்சாட்சியோடு பூஜ்ய நட்சத்திரக் கார் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே பாதுகாப்பில் தேறியவற்றைப் பொறுக்கிய பிறகு ஓட்டுநரிடம் போங்கள். அவரிடம் கேட்டுவிட்டுப் பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள்.

இனி, விற்ற பிறகு கம்பெனி நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா என்பது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு கதை உண்டு. விற்கும் வரை காபி, குளிர்பானம், பூச்செண்டு, புகைப்படம். பழுதென்று போனால், "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம் சார், பதில் வரவில்லை." உத்தரவாதச் சீட்டில் எது அடங்கும் என்பது பெரிய எழுத்தில், எது அடங்காது என்பது எறும்பு எழுத்தில்.

உதிரிப் பாகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி அடைத்து வைத்து, கார்க்காரரைத் தங்கள் கடைக்கே வரும்படி கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மாருதி, டாடா, மஹிந்திரா முதல் மெர்சிடிஸ் வரை பெரிய பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் மேல் மன்றங்களுக்குப் போனார்கள். நமக்கு அதில் பாடம் இது: காரின் விலையைக் கேட்கும்போதே முன்விளக்கின் விலை, பம்பரின் விலை, கிளட்ச் தட்டின் விலை ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். மலிவான காரின் விலையுயர்ந்த விளக்கு பலர் கண்ணைக் கட்டியிருக்கிறது.

கம்பெனி நாளைக்கும் இங்கே இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. மறைமலை நகரில் கடைசிக் கார் 2022 இல் வெளிவந்தது. பாகங்களும் பராமரிப்பும் தொடரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். என்றாலும் பக்கத்து ஊரில் இருந்த பட்டறை மூடப்பட்டு, அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியவன் பாடு தனி. விற்கப் போனால் விலை இறங்கிய கதையும் தனி. முன்னே சொன்ன டாட்சன் பெயரும் 2022 ஏப்ரலில் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. மோதினால் காக்காத கார். நின்றால் பெயர் சொல்ல ஆளில்லாத கார். இரண்டையும் ஒருவரே வாங்கினார், மலிவு என்று நம்பி!

வண்டியில் பிழை இருப்பது தெரிந்தால் கம்பெனி என்ன செய்கிறது என்பதே அதன் நாணயத்துக்கு உரைகல். 2012 வரை இந்நாட்டில் திரும்ப அழைத்துச் சரி செய்வதற்கு ஒரு நெறிமுறையே இல்லை. அவ்வாண்டு கம்பெனிகள் தாமாகவே ஒன்றை வகுத்துக்கொண்டன. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் சர்க்காரே திரும்ப அழைக்க உத்தரவிடலாம், பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் போடலாம் என்றாயிற்று. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் பதிவானால்தான் அந்த இயந்திரம் சுழலும். புகாரைக் கடை மானேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு வருகிற நம் வழக்கத்தால் அது எப்படிச் சுழலும்?

தகாடா என்ற ஜப்பானியக் கம்பெனியின் காற்றுப்பைகளை உலகமே திரும்ப அழைத்தது நினைவிருக்கும். பையை விரிக்கும் மருந்து நாளடைவில் கெட்டு, உலோகத் துண்டுகளாக வெடித்து, காக்க வேண்டியதே கொன்றது. அந்த மருந்தைக் கெடுத்தவை வெப்பமும் ஈரக் காற்றும். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் வாழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் மேலும் கவனிக்க வேண்டும். திரும்ப அழைக்கும் கடிதம் முதல் சொந்தக்காரர் விலாசத்துக்குப் போய்விட்டு, கார் மூன்றாவது கையில் ஓடிக்கொண்டிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள்.

வழக்காடினால் பலன் உண்டா? உண்டு, பொறுமை வேண்டும். 2017 நவம்பரில் வடக்கே ஒருவரின் ஹூண்டாய் கிரெட்டா விபத்துக்குள்ளாயிற்று. பைகள் விரியவில்லை. மோதலின் வேகம் பை விரியும் அளவுக்கு இல்லை என்று கம்பெனி வாதாடியது. வழக்கு டில்லி மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறி, 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. விசையையும் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்க நுகர்வோர் பௌதிக நிபுணரா என்ற கருத்தில் நீதிபதிகள் கேட்டார்கள். வாகனத்தை மாற்றிக் கொடுக்கும்படியும் மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படியும் போடப்பட்ட உத்தரவு நிலைத்தது. நான்கரை ஆண்டு! அதற்குள் மனிதர் கை சளைத்திருந்தால் அந்தத் தீர்ப்பே பிறந்திருக்காது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த பின், பழுதான பொருளால் விளைந்த தீங்குக்குச் செய்தவரே பொறுப்பு என்பது வெளிப்படையான சட்டமாகிவிட்டது. ஐம்பது இலட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பில், உத்தரவாதச் சீட்டு, பட்டறைச் சீட்டு ஒவ்வொன்றையும் கோப்பில் வைத்திருப்பவனுக்கே அங்கே பலம்.

வாங்குகிறவர் விழித்துக்கொண்டால் போதும், சர்க்கார் தூங்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. குறைந்த விலைக் கார் எடுப்பவனுக்குக் குறைந்த உயிர்க்காப்பு என்ற ஏற்பாட்டைச் சந்தை தானாகத் திருத்தாது. ஆறு பை விதியை மத்திய மந்திரி மீண்டும் எடுக்க வேண்டும். இம்முறை தேதியைத் தள்ளாமல் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2007 முதல் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டிய விலைச் சீட்டிலேயே நட்சத்திரமும் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கும் விலையைச் சொல்லும் சீட்டு நட்சத்திரத்தையும் சொல்லட்டும். சோதிக்காத காரானால் "சோதிக்கவில்லை" என்று அதே அளவு எழுத்தில் போடட்டும். திரும்ப அழைக்கும் அறிவிப்பு, சொந்தக்காரர் படிக்கும் மொழியில், தமிழ்நாட்டில் தமிழில் வரட்டும். மாநில சர்க்காரும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. இலாகாக்களுக்கும் காவல் துறைக்கும் ஆண்டுதோறும் வாங்கும் வண்டிகளின் டெண்டரில், நட்சத்திரம் பெறாத கார் வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

பூஜ்ய நட்சத்திரக் கார்கள் வெளிவந்த அதே ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காரை மோதவிட்டுப் பார்க்கும் கூடமும் அங்கே இருக்கிறது. இத்தகைய கூடங்களில் சட்டச் சோதனைக்கு வரும் கார், தேறியது என்ற ஒரு சொல்லோடு வெளியே போகிறது. பொம்மையின் தலையிலும் மார்பிலும் பதிவான அளவு எவ்வளவு என்பது கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் காரில் நாளை உட்காரப் போகிறவர் நாம். கோப்பைத் திறந்து அந்த அளவைக் காட்டுங்கள் என்கிறோம்.